இரண்டு மூலைகளில் தொடங்கிய தரை

பெரம்பலூரில் நான் கணிதம் நடத்திய கல்லூரியில் தற்காலிக ஆசிரியைக்கு மூன்று அடையாளங்கள். ஓய்வறையில் சொந்த நாற்காலி கிடையாது. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவருடைய வகுப்பு நமக்கு வரும்.

அதனால்தான் துறைத்தலைவர் கேட்டதும் ஒப்புக்கொண்டேன்.

"புது முகப்பு மண்டபத்துக்கு நீ ஒரு தரை வரைஞ்சு குடும்மா. உன் ஆராய்ச்சியில வருமே, அந்த மாதிரி. தரமதிப்பீட்டுக் குழு வரும்போது தாளாளர் ஐயா காட்டிப் பெருமைப்படணும். உன்னை நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் பேச அது போதும்."

என் தரைக்கு இரண்டே வகைச் சாய்சதுரங்கள். ஒன்று பருத்தது, ஒன்று ஒல்லி. விதிப்படி சேர்த்தால் தரை முழுவதும் நிரம்பும். ஆனால் ஒரு துண்டை மட்டும் அச்சுப்போலத் திரும்பத் திரும்பப் பதித்து அந்தக் கோலத்தை உண்டாக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் பருத்த கல் இரண்டு பருத்ததும் ஒரு ஒல்லியுமாகப் பிரியும். ஒல்லிக் கல் வகைக்கு ஒன்றாகப் பிரியும். ஒரு பருத்த கல்லில் தொடங்கினால் எண்ணிக்கை 2, 1; 5, 3; 13, 8; 34, 21 என்று வளரும். சிறியதிலிருந்து அடுக்கினால் 1, 2, 3, 5, 8, 13, 21, 34. முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் பிபோனாச்சி வரிசைதான் அது.

இதே கோலத்தை வேறு வழியாகவும் அடையலாம். ஐந்து பரிமாணங்களில் கனசதுரங்களை அடுக்கி, சாய்வாக வெட்டி, அந்த வெட்டின் நிழலைத் தரையில் விழவிட வேண்டும். வெட்டும் இடம் சற்று மாறினால் வேறு கோலம் கிடைக்கும். அதிலும் பிழை இருக்காது. ஆனால் இரண்டு வெட்டுகளின் நிழல்களைப் பக்கத்தில் வைத்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தா. எனவே வரைபடத்தின் ஓரத்தில் எழுதினேன்: நடுவிலிருந்து தொடங்கவும். ஒரே குழு பதிக்கவும். கல்லின் பக்கங்களில் தீட்டிய நிறங்கள், அடுத்த கல் பொருந்துகிறதா என்று சரிபார்க்க மட்டுமே.

கல் பதிக்கும் வாரத்தில் துறைத்தலைவர் என்னை விடைத்தாள் திருத்தத் திருச்சிக்கு அனுப்பினார். திரும்பிய மறுநாள் கீழப்பழுவூர் வீட்டிலிருந்து கிளம்பி, அரியலூரில் பஸ் மாறி, நேராக மண்டபத்துக்குப் போனேன். இரண்டு மேஸ்திரிகள் சண்டையில் இருந்தார்கள்.

"வாங்க மேடம், நீங்களே சொல்லுங்க. என் பக்கம் ஒரு கல்லு கோணலா இருக்கா? இவன் ஈசானி மூலையில என்னத்தையோ பண்ணிட்டு வந்து என் தலையில கட்டப் பாக்குறான்."

"ஆமா, கன்னி மூலைக்காரரு பொறக்கும்போதே மட்டப்பலகையோட பொறந்தாரு," என்றார் மற்றவர்.

குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். இருவர் பக்கமும் நிறங்கள் பிசகாமல் பொருந்தியிருந்தன. மண்டபத்தின் நடுவில் மட்டும், எந்தக் கல்லும் உட்காராத ஒரு பிளவு சுவருக்குச் சுவர் நெளிந்து ஓடியது.

"யாரு ரெண்டு இடத்துல ஆரம்பிக்கச் சொன்னது?"

"கன்னி மூலையிலதான் ஆரம்பிக்கணும்னு ஐயா சொல்லிட்டாரு. குழு வர்றதுக்குள்ள முடியணும்னு உங்க சார்தான் இன்னொரு செட்டை எதிர் மூலையில விட்டாரு. வரைபடம் பாத்தா லேட்டாவும், கலரைப் பாத்துச் சேத்துட்டே வாங்கன்னாரு," என்றார் கன்னி மூலைக்காரர்.

சற்று நேரத்தில் தாளாளரும் துறைத்தலைவரும் வந்தார்கள். தாளாளர் பிளவைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது?" என்றார்.

"கணக்குல எங்கியோ தப்புங்க ஐயா. சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது."

"ஐயா, ரெண்டு பக்கமும் சரிதான். ரெண்டு இடத்துல தனித்தனியா தொடங்கினா நடுவுல சேராது," என்றேன்.

"அப்ப கன்னி மூலையில தொடங்கினது தப்புங்கிறியாம்மா?"

அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு அந்தக் கல்லூரியில் யாரும் வேலையில் இருக்க முடியாது. வரைபடப்படி என்றால் எந்த மூலையிலும் தொடங்கலாம் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் மேஸ்திரிகள் பக்கம் திரும்பிவிட்டார்.

"கட்டர் எதுக்குங்க ஐயா இருக்கு. வெட்டி ஒட்டிடலாம்," என்றார் கன்னி மூலைக்காரர்.

தாளாளர் போன பிறகு துறைத்தலைவரின் அறைக்குப் போனேன்.

"சார், அது ஏன் சேராதுன்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கதான்."

"தெரியும்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொல்லித்தான் எதிர் மூலையில விட்டாங்கன்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா? எனக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு. உனக்கு வயசு கெடக்கு."

அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

குழு வந்த அன்று ஒரே நிறப் புடவை கட்டிய ஆசிரியைகளோடு நானும் வாசலில் சந்தனத் தட்டுடன் நின்றேன். வெட்டி ஒட்டிய கற்களைக் காட்டிக் குழுவில் ஒருவர் ஏதோ கேட்டார். மரபும் நவீனமும் சந்திக்கிற கோடு அது, வேண்டுமென்றே விட்டது என்றார் துறைத்தலைவர். அவர்கள் தலையாட்டினார்கள். வரைந்தது யார் என்று கேட்கவில்லை.

நிரந்தரப் பணிக்கு வேறொருவரை எடுத்தார்கள். "அடுத்த வருஷம் பாப்போம்மா," என்றார் துறைத்தலைவர்.

"வேற ஆளைப் பாத்துக்குங்க சார்," என்றேன்.

இப்போது அரியலூரில் ஒரு பயிற்சி மையத்தில் வங்கித் தேர்வுக்கு எண் தொடர் நடத்துகிறேன். விடுபட்ட எண்ணை வேகமாகக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி கேட்கிறார்கள். சொல்லித்தருகிறேன். அந்த எண் ஏன் அங்கே வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.