எண்ணாமல் போன பெட்டி

அவருடைய மனைவி வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை காலையில். அன்று அவருக்கு வார விடுமுறை. மேசையில் குனிந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சூட்கேஸோடு வந்து நின்றாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

"சரி."

"இருபத்திரெண்டு வருஷத்துக்கு ஒரு 'சரி'தானா? சுவத்துக்கிட்ட பேசியிருந்தா எதிரொலியாவது வந்திருக்கும்."

கதவு மூடியது. அவர் மிச்சமிருந்த மூன்று ஸ்க்ரூவையும் முடுக்கினார்.

தெருவில் அவருக்குக் கரண்ட்டுக்காரர் என்று பெயர். லிஃப்ட் பராமரிப்பு வேலை. மற்ற நேரமெல்லாம், வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் கட்டுகிற பைத்தியங்களுக்குக் கரண்ட் பெட்டி செய்து கொடுப்பார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே இருந்தால் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் ஒட்டிக்கொள்ளும். அதனால், சத்தம் போடுகிற மாமனாரைப் பின்னறைக்கு அனுப்புவதுபோல, அதைத் தனிப் பெட்டியில் அடைத்து ஒரு கை நீள ஒயருக்கு அப்பால் ஒதுக்கி வைப்பார்கள்.

பழைய வால்வு வகை ஆம்ப்ளிஃபையர் என்றால் பெட்டிக்குள் நானூறு வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அதை வடிப்பதற்கென்றே குறுக்கே ஒரு ரெசிஸ்டர் பற்றவைக்க வேண்டும். அது இருந்தால் ஒரே நிமிடம், எல்லாம் வடிந்துவிடும். இல்லாவிட்டால், பிறகு திறந்து கை வைக்கிறவரின் கதை முடிந்தது.

அதனால் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வழக்கம். அவர் ஸ்விட்சை அணைப்பார். மனைவி மீட்டரைப் பிடித்துக்கொண்டு முள் இறங்குவதை உரக்கச் சொல்வாள். "முந்நூறு... இருநூறு... அம்பது... போய்ச் சேர்ந்துட்டாரு." அதைக் கேட்ட பிறகுதான் அவர் மூடி போடுவார்.

அந்தப் புதன்கிழமை முடித்த பெட்டியை, அதைச் செய்யச் சொல்லியிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மாலையே வந்து வாங்கிப் போனார். அந்த வாரமே கடையைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குக் குடிபோனார்.

நாட்கள் போயின. கரண்ட்டுக்காரர் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அக்கா போன் செய்தாள்.

"அழுதியாடா?"

"இன்னும் இல்லக்கா."

"அழுதுடு, லேசாயிடும்."

"புதன்கிழமை லீவுல பாக்குறேன்க்கா."

ஐந்து வாரம் கழித்து அடுத்த பெட்டியை முடித்து, மீட்டரைத் தானே பிடித்தார். முள் சத்தமில்லாமல் இறங்கியது. அப்போதுதான் உறைத்தது. போன பெட்டிக்கு யாரும் எண்ணவில்லை. ரெசிஸ்டர் வைத்தோமா? அந்த மத்தியானம் முழுவதும் நினைவில் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. ரெசிஸ்டர் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். முன்னால் எத்தனை இருந்தது என்றே தெரியாதபோது எண்ணி என்ன பயன்?

கண்ணாடிக் கடைக்காரரோ ஸ்க்ரூவைப் பார்த்தால் கை அரிக்கிற ஆள். திறக்காமல் இருக்கவே மாட்டார். போன் போட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்றது. கடை இருந்த இடத்தில் செருப்பு விற்றார்கள். 'பெட்டியைத் திறக்க வேண்டாம்' என்று பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டு, புது இடத்துக்கு அனுப்பும்படி தபால் ஆபீசில் கேட்டுக்கொண்டார்.

பிறகு மனைவிக்குப் போன் செய்தார். அவள் போன பிறகு அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு அந்தப் பெட்டிய நீ எண்ணினியா?"

"நான் காலையிலயே கிளம்பிட்டேனே." பிறகு கேட்டாள். "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

அவள் இன்னும் சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

அவர் அதன் பிறகு பெட்டி செய்யவில்லை. ஒரு மனிதன் தன்னால் செத்திருக்கலாம் என்று தெரிந்தது. பயப்பட வேண்டும் என்பதும் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் போட்டார். துணி துவைத்தார்.

ஒன்பது மாதம் கழித்து, புது எண்ணிலிருந்து செய்தி வந்தது.

"சார், உங்க லெட்டர் எங்கெங்கயோ சுத்திட்டு இன்னிக்குத்தான் கைக்கு வந்துது. மன்னிக்கணும், பெட்டிய ஏற்கனவே நாலு தடவ திறந்துட்டேன். ஆள் முழுசா இருக்கேன். உறுமல் சுத்தமா இல்ல. ஒரே ஒரு சந்தேகம். ஒரு ரெசிஸ்டர் இருக்கவேண்டிய இடத்துல ரெண்டு வச்சிருக்கீங்க, அரை நிமிஷத்துலயே முள் படுத்துடுது. இப்பல்லாம் அப்படித்தான் போடுறாங்களா, இல்ல ஒண்ணு வச்சது மறந்துபோச்சா?"