நாலு ஓட்டத்துக்கு முன் வெடித்த சீனவெடி: இரத்தோட்டைப் பயணம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரத்தோட்டைக்குப் போய்வந்தேன். காரணம், என் தங்கை லெட்சுமியின் மகன் பிரபு. வேலைக்காகப் புதன்கிழமை கட்டாருக்குப் பறக்க இருந்தான். அதற்குமுன் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையிலான மென்பந்து கிரிக்கெட் கோப்பையை வென்று அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் தோட்டம் அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. "மாமா, நீங்க வந்தா தைரியமா இருக்கும்" என்றான். வத்தளையில் ஓர் அறையும் ஒரு மின்விசிறியுமாக ராஜ்யபாரம் நடத்தும் எனக்கு, கடன் அட்டை விற்காத தொலைபேசி அழைப்பு வந்தே பல வாரமாகியிருந்தது. உடனே கிளம்பினேன்.

கொழும்பு கோட்டையில் காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ். கண்டியில் இறங்கி மாத்தளைக்கு இன்னொன்று: 26 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், நூற்றிருபது ரூபாய். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை 12 கிலோமீட்டர், எழுபது ரூபாய். பக்கத்து இருக்கை கண்டிவரை காலியாகவே வந்தது. என் கம்பீரத்தைக் கண்டு மக்கள் ஒதுங்கியிருக்க வேண்டும். இரத்தோட்டையிலிருந்து மைதானத்துக்கு ஆட்டோ நானூறு ரூபாய். ஓட்டியவர் நியாஸ் நானா.

"மெட்சுக்கா ஐயா? எந்தப் பக்கம்?"

"மேல் தோட்டம். இன்றைக்குக் கோப்பை எங்களுக்குத்தான். விருந்துக்குக் கோழிகூட வெட்டியாச்சாம்."

"மெட்ச் தொடங்கவே இல்லையே, அதுக்குள்ளயா?" சிரித்தார். "ஒரு இன்ஷா அல்லாஹ் சொல்லிட்டு வெட்டியிருக்கலாம்."

மைதானம் பள்ளத்தில். தலையை நிமிர்த்தினால் நேர் மேலே பிரபுவின் தோட்டத்து லய வீடுகள். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே ஆட்டக்காரர்கள் முகம் துடைக்கலாம், அவ்வளவு நெருக்கம். ஆனால் பாதை சுற்றிச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்.

எதிரணி அறுபத்தொரு ஓட்டம் எடுத்தது. எங்கள் பயல்கள் நான்கு விக்கெட்டுக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் நாலு ஓட்டம், பன்னிரண்டு பந்து, ஆறு விக்கெட் கையில். களத்தில் பிரபு. அவன் அடித்த ஒரு பந்து நாலந்தாவைத் தாண்டிச் சீகிரியாக் குன்றில் விழுந்ததாகவே நான் கருதுகிறேன்.

விளையாட்டுக் கழகத் தலைவர் ராசையா அப்போது என் தங்கைக்குப் போன் போட்டார். "லெட்சுமி, நாலே ஓட்டம், முடிஞ்ச மாதிரிதான். வெடிச்சரத்தக் கொளுத்திரு." பிறகு என்னிடம், "வாங்க மச்சான், மேல போயி நின்னு வரவேற்கணும்ல?" என்றார்.

"முடியட்டுமே" என்றேன்.

"இதுல முடியறதுக்கு என்ன இருக்கு?"

ரசிகர் கூட்டம் முழுவதும் லொறியில் ஏறிப் போயிற்று. எங்கள் பக்கத்துக்கு மிஞ்சிய ஒரே ரசிகன், சவுக்கு மரத்தடியில், நான்.

சற்று நேரத்தில் மேலே படபடவென்று சீனவெடி. முழுப் பள்ளத்தாக்கும் அதிர்ந்தது. எதிரணி விக்கெட் காப்பாளன் சிங்களப் பையன், தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்து நல்ல தமிழில் கேட்டான்: "என்ன மல்லி, மேல கல்யாணமா?"

பிரபு சிரித்தபடி மட்டையை மலையை நோக்கி உயர்த்தினான். ஓடி ஓடி நாலு எடுத்தால் போதும். ஆனால் வெடி போட்டாகிவிட்டதே. அதற்குப் பிறகு ஒற்றை ஓட்டம் ஓடுவது அவமானம் என்று நினைத்துவிட்டான். அடுத்த பந்தை வானத்துக்கு அடித்தான். அது இறங்கி வருவதற்குள் ஒரு பருவமழை போயிருக்கும். பிடித்துவிட்டார்கள். அடுத்து வந்தவனுக்கும் ஆறுதான் வேண்டியிருந்தது. அவனுக்கு அடுத்தவனுக்கும். ஒன்பது பந்தில் ஆறு விக்கெட். இடையில் ஒரே ஒரு வைட். இரண்டு ஓட்டத்தில் தோல்வி. பேரரசுகள் சரிய நூறாண்டு பிடிக்கும். எங்களுக்குத் தேநீர் ஆறும் நேரம் போதுமானதாக இருந்தது.

லொறி இல்லை. நடந்தோம். பயல்களின் பைக்குள் தொலைபேசிகள் மாறி மாறி ஒலித்தன. "ஒருத்தனும் எடுக்காதீங்கடா" என்றான் பிரபு. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி, முன்னால் நடப்பவன் முதுகுகூட மறைந்தது. பதினொரு பேரோடு நடந்தும் ஒவ்வொருவரும் தனியாகத்தான் நடந்தோம்.

கடைசி வளைவில் பிரபு நின்றான். "மாமா, நீங்க முன்னால போயிச் சொல்லிருங்க. ஒங்களுக்குத்தான் பேச வரும்."

போனேன். பனிக்குள் ஓர் உருவம் அசைவதைக் கண்டதுமே தப்பு மேளம் முழங்கியது. யாரோ என் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். லெட்சுமி ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"அண்ணே, புள்ள எங்க?"

அறுபத்தாறு வருடமாக ஓயாத வாய் இது. "பின்னால வர்றான்" என்று மட்டும் சொன்னது. தப்பு இன்னும் பலமாக முழங்கியது.

பயல்கள் வெறுங்கையோடு வந்தார்கள். தப்படித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ராசையா லொறிக்குப் பின்னால் போய்விட்டார். லெட்சுமி மட்டும் அசையாமல் நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"நான் வெடி போட்டது கீழ கேட்டுச்சாடா?"

பிரபு என்னைப் பார்த்தான். பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லம்மா" என்றான் அவன். "காத்து அந்தப் பக்கம். ஒண்ணுமே கேக்கல."

"ஒன்றுமே கேட்கவில்லை" என்றேன் நானும்.

புதன்கிழமை பறந்துவிட்டான். நான் வத்தளையில், மின்விசிறிக்குக் கீழே.

போக விரும்புவோருக்கு: ஒரே நாளில் திரும்புவதானால் பிற்பகலிலேயே கீழே இறங்கிவிடுங்கள், மாலையில் பஸ் குறைவு. குளிருக்கு ஒரு போர்வை, அட்டைக்கடிக்குக் கொஞ்சம் உப்பு. ஆட்டோ கட்டணத்தை ஏறுமுன் பேசுங்கள். ஆட்டம் பார்த்தால் கடைசிப் பந்துவரை இருங்கள். உட்கார நிறைய இடம் கிடைக்கும்.

லெட்சுமி இணையம் பார்ப்பதில்லை. இதை வாசிக்கும் தோட்டத்துக்காரர்கள் எவராவது இருந்தால், அன்றைக்குக் காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது.