நான் வாய் திறக்காத ஷாட்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். உங்களை நம்ப வைப்பது என் வேலை இல்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று பத்து வருடமாக சீரியலுக்கு எழுதித் தள்ளியவன் நான்தான். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, அடையாறில் வாடகைக்கு எடுத்த ஒரு பங்களாவில்.

சீரியலில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் ப்ராம்ப்டர் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுப்பார். நடிப்பவர்கள் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். அர்த்தம்கூட யோசிக்க மாட்டார்கள். டப்பிங்கில் ப்ராம்ப்டர் குரல் காணாமல் போய்விடும்.

எங்கள் ப்ராம்ப்டர் உமர் ஃபாரூக், ராயப்பேட்டைக்காரர். பதினெட்டு வருடம் அடுத்தவன் வசனத்தையே சொன்ன மனுஷன், சொந்தமாக ஒரு கதை எழுதினார். படித்துப் பாருங்கள் என்று நோட்டை என்னிடம் கொடுத்தார். படித்தேன். என் கதை என்று சேனலில் போய்ச் சொன்னேன். அதுவே புது சீரியலாக ஓகே ஆகிவிட்டது. டைட்டிலில் 'கதை: அச்யுத்' என்று வந்தது.

மயிலாப்பூரில் என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். தொண்டை கட்டியிருந்தது.

"சார், கதை என்னுது. என் பேரு ஒண்ணு போட்டுடுங்க, போதும்."

"சாட்சி இருக்கா பாய்?"

அவர் திரும்பிப் போனதும், கதையை வெளியே கசிய விடுகிறார் என்று மேனேஜரிடம் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே வேலை போயிற்று. எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. தொல்லை விட்டது என்றுதான் இருந்தது.

வேறு ஆள் கிடைக்காததால் அந்த வியாழக்கிழமை நானே ப்ராம்ப்ட் செய்ய நின்றேன்.

காலை 11:05. மருமகளாக நடிக்கும் லாவண்யாவுக்கு மாமியாரோடு சண்டைக் காட்சி. "இந்த வீட்ல எனக்கு மரியாதையே இல்ல" என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவள் சொன்னாள்: "இந்த வீட்டு நாய்க்குக்கூட ஒரு பேரு வெச்சிருக்கீங்க. எனக்குத்தான் இல்ல."

டைரக்டர் கைதட்டினார். "சூப்பர் வரி, அச்யுத்."

அதை நான் எழுதவில்லை. ஆனாலும் தேங்க்ஸ் சொன்னேன்.

11:12. டப்பிங்குக்கு வழிகாட்டியாக எடுக்கும் ஒலியில் இரைச்சல் விழும் என்று ஏசி, ஃபேன் எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். சவுண்ட் பார்க்கும் ராகேஷ் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"சார், உங்க பின்னாடி யாரு பேசிக்கினு கீறாங்க?"

என் பின்னால் சுவர்தான் இருந்தது.

11:17. "ஆக்‌ஷன்."

இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. வேண்டுமென்றே.

ஆனால்... என் வலது காதோரம் மூச்சு.

ஒரு இருமல்.

பிறகு... அந்தத் தொண்டை கட்டிய குரல்.

லாவண்யா திரும்பினாள். மாமியார் பக்கம் இல்லை. என் பக்கம். க்ளிசரின் கண்ணீர் வழிந்தது.

"அச்யுத்..."

அந்த சீரியலில் அச்யுத் என்று ஒரு பாத்திரமே கிடையாது.

"என் பேரு எங்க?"

யாரும் கட் சொல்லவில்லை.

"நீங்க சொன்னதத்தானே சார் சொன்னேன்" என்றாள்.

பயந்தேன். பயத்தைவிடக் கோபம் அதிகம். யாரையோ கையில் போட்டுக்கொண்டு பாய் ஒளித்து வைத்த ஸ்பீக்கர்தான் என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டைக்குச் சண்டை போடவே போனேன்.

அவர் மனைவி அஃப்சருன்னிசா கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பாய் எங்க? அவர்கிட்ட பேசணும்."

"அவரால பேச முடியாதுங்க. தொண்டையில கேன்சர். வியாழக்கிழமை ஆபரேஷன் பண்ணி குரல் பெட்டியையே எடுத்துட்டாங்க."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பது மணிக்கு உள்ள கூட்டிக்கினு போனாங்க. பதினொண்ணே காலுக்கு நர்ஸம்மா வெளிய வந்து, எடுத்தாச்சும்மான்னு சொன்னாங்க."

டைட்டிலில் இன்றைக்கும் என் பெயர்தான் வருகிறது. எடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு மூன்று ப்ராம்ப்டர்கள் வந்தார்கள், ஒருவரும் ஒரு நாளைத் தாண்டவில்லை. இப்போது எங்கள் செட்டில் ப்ராம்ப்டரே கிடையாது. நான் எழுதி அனுப்பும் பக்கங்களை யாரும் பிரிப்பதுகூட இல்லை.

வசனம் தெரியாமல் இதுவரை ஒரு ஷாட்கூட நின்றதில்லை.