கால் எட்டாத வண்டி

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. ஓட்டுவதில் சிரமமே இல்லை, நிறுத்துவதில்தான் சிரமம். இத்தாலியில் செய்த மோட்டார் சைக்கிள். அந்த ஊர்க்காரர்களுக்குக் கால் நீளம் போல. காடு, மலை, மண்பாதை என்று எங்கும் போக வேண்டும் என்பதற்காகத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கிச் செய்திருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்தால் எனக்கு ஒரு காலின் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும். அதனால் உயரமான இடமாகப் பார்த்துத்தான் நிறுத்துவேன். தென்காசியில் எந்தக் கடை வாசலில் படி இருக்கிறது, எந்த பஸ் நிறுத்தத்தில் மேடை இருக்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். படி இல்லாத கடையில் டீ குடிப்பதையே விட்டுவிட்டேன்.

இரண்டு லாரி வைத்துக் காய்கறி ஏற்றிக் கேரளாவுக்கு அனுப்புகிறவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடுவேன். கொல்லத்தில் ஒரு டாக்டர் முதுகுவலி வந்து இந்த வண்டியை விற்கப் போட்டிருந்தார். லோடோடு போன இடத்தில் பார்த்தேன். ஒரு சுற்று போய்ப் பாருங்கள் என்றார். போய் வந்த பிறகு ஹெல்மெட்டைக் கழற்ற மனமில்லை. உள்ளே வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது யாருக்கும் தெரியவில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

சும்மா நிற்கும்போது இன்ஜின் உதறும். இரண்டு சிலிண்டரும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி தனித்தனியாக இடிக்கும். கொஞ்சம் முறுக்கினால் ராசியாகிவிடும். அப்புறம் அது இழுக்கிற இழுப்பில் வயிறு பின்னால் தங்கிவிட்டது போல இருக்கும். வெயில் நாளில் இன்ஜின் சூட்டில் தொடை வெந்துபோகும். சாரல் நாளில் அதே சூடு போர்வை போர்த்தியது போல இதமாக இருக்கும். முன்னால் உள்ள திரையில் எல்லாம் இங்கிலீஷ். சென்னையிலிருந்து வந்த மகள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். மழைக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று வண்டியின் குணத்தையே மாற்றலாம். மழைக்கு மாற்றிவிட்டால் குற்றாலத்து ஈர ரோட்டில் பசு மாதிரி வரும்.

பெட்ரோல் பங்கில்தான் மானம் போனது. நின்ற இடத்திலேயே வண்டியைச் சாய்த்துவிட்டேன். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். என்னைத் தூக்கத்தான் வருகிறார்கள் என்று கையை நீட்டினேன். அவர்கள் வண்டியைத் தூக்கினார்கள்.

“அடி ஒண்ணும் படலியே அண்ணாச்சி?”

“இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்.”

“உங்கள கேக்கல அண்ணாச்சி. வண்டிய கேக்கேன்.”

நான் வீடு சேருமுன் விஷயம் சேர்ந்துவிட்டது. ஆளுக்குத் தகுந்த வண்டி வாங்க வேண்டாமா என்று என் மனைவி ஆரம்பித்தாள். மேலகரத்தில் இருக்கும் அவள் தங்கச்சி அதற்குள் வாங்குவதற்கு ஒரு ஆளைப் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமை காலையில் எப்படியோ வாயைத் திறந்தேன்.

“ஒரே ஒரு தடவ என்கூட உக்காந்து பாரு. உனக்குப் புடிக்கலைன்னா குடுத்துருதேன்.”

“நான் குதிரையெல்லாம் ஏற மாட்டேன். ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காந்தா பாக்கவங்க என்ன சொல்லுவாவ?”

“ஹெல்மெட் போட்டா யாருன்னே தெரியாதுல்லா.”

அந்த ஒரு வார்த்தை வேலை செய்தது. உள்ளே போனவள் மகளின் பழைய சுடிதாரோடு வந்தாள். “புடிக்கலைன்னா நாளைக்கு அந்த ஆளு கையில சாவி. பேச்சு மாறக் கூடாது” என்றாள். தலையாட்டினேன்.

பின்சீட்டு என் சீட்டைவிட உயரம். வாசலில் நின்ற லாரியை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். லாரியின் படியில் ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து அவள் என் பின்னால் இறங்கி உட்கார்ந்தாள்.

குற்றாலத்தை நெருங்கும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. இன்ஜின்மேல் பட்ட தூறல் ஆவியாகி எழுந்தது. ரோட்டோரம் பழம் விற்றவர், “அண்ணாச்சி, வண்டி பொகையுது!” என்று கத்தினார். ஐந்தருவி வழியாகச் செங்கோட்டை, அங்கிருந்து புளியறை. வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. அவளையும் வைத்துக்கொண்டு ஒற்றை விரலில் நிற்க எனக்குத் தைரியமில்லை. காற்றில் அவள் பேசுவதும் கேட்கவில்லை. புளியறை தாண்டி மலை ஏறத் தொடங்கும் வளைவில் முதுகில் ஒரு அடி விழுந்தது. பயப்படுகிறாள் என்று வேகத்தைக் குறைத்தேன். இன்னும் பலமாக ஓங்கி அடித்தாள். சரி, அவ்வளவுதான் என்று அகலமான இடம் பார்த்து வண்டியைத் திருப்பிவிட்டேன். அடி மழை போல விழுந்தது.

திரும்பும் வழியெல்லாம் வண்டியிடம் மனதுக்குள் விடைபெற்றுக்கொண்டே வந்தேன். மேலகரம் வந்ததும் அவள் என் காதோரம் குனிந்து கத்தினாள்.

“தங்கச்சி தெருவுக்குத் திருப்புங்க!”

விற்பதை உறுதி செய்யத்தான் என்று நினைத்தேன். திருப்பினேன்.

தங்கச்சி வாசலில் நின்றிருந்தாள். நிறுத்த ஒரு படியோ கல்லோ இல்லை. வேறு வழியில்லாமல் தாண்டிப் போய், கோயிலைச் சுற்றி நாலு தெருவும் வந்து மறுபடியும் அதே வாசலுக்கு வந்தேன். அதற்குள் என் மனைவி ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தாள்.

“யக்கா, நீயா அது!”

“நான்தாம்டி!”

தாண்டிவிட்டோம். அடுத்த சுற்றில் தெருவே வாசலுக்கு வந்திருந்தது.

“இறங்குக்கா! ஏன் சப்பரம் மாரி சுத்துத?”

“உங்க அத்தானுக்குக் காலு எட்டாதுடி!”

தெரு முழுக்கச் சிரிப்பு. என் காது கொதித்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் அன்றைக்கே ஊரை விட்டுப் போயிருப்பேன். அடுத்த சுற்று.

“நாளைக்கு அந்த ஆளு வாராருக்கா!”

“வர வேண்டாம்னு சொல்லு!”

வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. நான்தான் ஆட்டியிருப்பேன். அடுத்த தெருவை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. மறுபடி வாசலுக்கு வந்தபோது அவளே மிச்சத்தையும் சொன்னாள்.

“ஆரியங்காவு வரைக்கும் போவோம், போவோம்னு முதுகுல அடிக்கேன்டி! இந்த மனுசன் பாதியிலேயே திருப்பிட்டாரு!”

அடுத்த முறை வரும்போது தங்கச்சி நடுத்தெருவில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். “அத்தான், இதுல காலு வைங்க!” வைத்தேன். வண்டி நின்றது. யாரோ கை தட்டினார்கள்.

“இறங்குக்கா. காப்பி போடுதேன்.”

“இங்கனயே கொண்டாடி. இறங்குனா மறுபடி ஏற லாரிக்கு எங்க போக?”

காப்பி வந்தது. அவள் பின்னாலும் நான் முன்னாலும் வண்டியில் இருந்தபடியே டம்ளரை வாங்கினோம். குடிப்பதற்கு ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. உள்ளே நான் சிரித்துக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்தது.