பெருவிரல் கட்டு

போன சிறுபோக வெள்ளாமையில் எங்கள் வாய்க்காலில் ஒரு கொலை நடந்தது. செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் கொலனியில் அதைப் பற்றிப் பேசாத வீடில்லை. பேசியவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நான் எழுத வந்தது செத்தவருடைய கால் பெருவிரல்களில் கட்டியிருந்த ஒரு துணித் துண்டைப் பற்றி. அந்தத் துண்டினால் ஒரு மனிதர் இரண்டு மாதம் விளக்கமறியலில் கிடந்தார். அதற்குப் பாதிக் காரணம் நான். மிச்சப் பாதியை எங்கள் சனம் பங்கு போட்டுக் கொள்ளட்டும்.

செத்தவரை மூத்தவர் என்று சொல்கிறேன். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. என் தகப்பன் அப்புவும் அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே லொறியில் கொலனிக்கு வந்து, ஒரே கோடாலியை மாறி மாறிப் பிடித்துக் காடு வெட்டியவர்கள். அவருடைய தம்பிக்கு, இளையவருக்கு, அடுத்த காணி. குளத்தில் தண்ணீர் இறங்கினால் வாய்க்காலில் முறை வைத்துத்தான் விடுவார்கள். அப்போது அண்ணனும் தம்பியும் ஊர் கேட்கச் சண்டை பிடிப்பார்கள். பிறகு ஒரே சட்டியில் சாப்பிடுவார்கள். கொலைக்கு முதல் நாள் பின்னேரமும் அப்படியொரு சண்டை. "உன்ர மண்டையைப் பிளப்பன்" என்று தம்பி சொன்னதை வாய்க்கால் முழுக்கக் கேட்டது. போன வருடமும் அதையேதான் சொன்னவர். அதற்கு முந்திய வருடமும்.

காலையில் புல்லுச் செதுக்கப் போன பெண் குழறிய சத்தத்தில்தான் ஓடிப்போய்ப் பார்த்தோம். துருசடியில், மதகுக்குப் பக்கத்தில், மருத மரத்துக்குக் கீழே, வாய்க்கால் வரம்பில் மூத்தவர் மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் அடி. மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்திருக்கலாம் என்று பிறகு டாக்குத்தர் சொன்னாராம். மண்வெட்டி இல்லாத வீடு எங்கள் கொலனியில் எது? அதை வாய்க்காலில் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டு போகிறவன் யார்?

ஆனால் அவர் கிடந்த கிடைதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. தலை தெற்குப் பக்கம். கை இரண்டும் நெஞ்சில். நெற்றியில் திருநீறு. நாடியைச் சுற்றி உச்சியில் முடிந்த ஒரு துணி. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய இன்னொரு துணி.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். தெற்குப் பக்கத்து மனிதர், தமிழ் சொற்பம். எங்கள் ஊர்த் தலைமைக்காரர் விதானையாரின் ஆங்கிலம் "யெஸ் சேர்" உடன் முடிந்துவிடும். ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு உத்தியோகக் கடிதத்துக்குக் காத்திருந்தேன். சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் கால்களைப் பார்த்தார். வாயையும் காலையும் கட்டிப்போட்டு அடித்திருக்கிறார்கள் என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் பிழையாக விளங்கிக் கொண்டாரே என்ற தவிப்பில், இல்லை ஐயா, இது செத்த பிறகு கட்டியது என்றேன். வாய் பிளந்து போகாமல் இருக்க நாடிக்கட்டு, கால் அகலாமல் இருக்கப் பெருவிரல் கட்டு, உடம்பு விறைக்க முன்னம் கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யார் கட்டுவார்கள் என்று கேட்டார்.

"நெருங்கிய உறவினர்" என்றேன்.

அந்தச் சொல் எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் எங்கள் ஊர்ச் சடங்குகளைப் பற்றிக் கட்டுரை எழுதினால் அப்படித்தான் எழுதுவோம். உண்மையில் பக்கத்தில் நிற்கிற, கட்டத் தெரிந்த எவரும் கட்டுவார். பிறத்தி வீட்டுக்காரர், வண்டில்காரர், வழியில் போனவர். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாயில் கட்டுரைதான் வந்தது.

அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார். கோபத்தில் கொன்று, பிறகு மனம் நொந்து, செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போன உறவினர். கொலனியில் மூத்தவருக்கு இருந்த உறவினர் ஒரே ஒருவர். முதல் நாள் சண்டையைச் சொல்லப் பத்துப் பேர் போட்டி போட்டார்கள்.

பிறகு துணி. இரண்டு கட்டும் பச்சைக் கரை வேட்டியிலிருந்து கிழித்தவை. வீடு வீடாகப் பச்சைக் கரை வேட்டி தேடினார்கள். எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு அந்த வருடம் வந்தது ஒரேயொரு கட்டுத் துணி. ஊரில் ஆம்பிளை என்று இருந்த எல்லோரும் அதைத்தான் கட்டினோம். முதல் வீட்டில் பச்சைக் கரை. இரண்டாம் வீட்டில் பச்சைக் கரை. மூன்றாம் வீட்டில் பிள்ளையின் ஏணைக்குப் பச்சைக் கரை. கொன்ஸ்ரபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கியதையும் தூக்கிப் பார்த்தார்கள். அது என்னுடையது, முழுசாக இருந்தது. இளையவருடைய வேட்டியில் மட்டும் ஒரு சாண் இல்லை.

"மாட்டுக்குக் காலில காயம், அதுக்குக் கட்டினனான்" என்றார் இளையவர்.

மாட்டைப் பார்த்தார்கள். காயம் இருந்தது. கட்டு இல்லை. மாடு ஒரு கட்டை எத்தனை நாளைக்கு வைத்திருக்கும்? அதையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். பிரேதம் ஆசுபத்திரிக்குப் போன அதே நேரம் இளையவரும் பொலிசுக்குப் போனார். ஆசுபத்திரியிலிருந்து பிரேதம் திரும்பி வந்தது. அவர் வரவில்லை.

இளையவரை ஏற்றுவதற்கு முதல் வாய்க்கால் ஆட்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி இரண்டு கேள்வி கேட்டார்கள். கொலை செய்தவனைக் கண்டாயா? யாரும் ஓடியதைக் கண்டாயா? ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். அப்புவும் இல்லை என்றார். எல்லாவற்றையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

இளையவருடைய பெண்சாதி அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் படலையடிக்கு வருவா. உள்ளே வரமாட்டா.

"தம்பி, நீங்கள் இங்கிலீசில என்ன சொன்னனீங்கள்?"

"சம்பிரதாயத்தைச் சொன்னனான் அக்கா."

"அதைச் சொன்னதுக்கு ஏன் என்ர மனிசனைக் கொண்டு போனவங்கள்?"

"விடுவினம் அக்கா" என்பேன். வயல் விளைந்துகொண்டு வந்தது. வெட்டுக்கு ஆள் இல்லை. அடுத்த நாளும் வந்து அதே கேள்வியைக் கேட்பா.

ஒன்றரை மாதத்தின் பின் இன்ஸ்பெக்டர் என்னைப் பொலிசுக்கு அழைத்தார். வாக்குமூலங்களில் விளங்காத இடங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மேசையில் அந்த இரண்டு துணியும் கிடந்தன. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாடித் துணியில் ஒரு பொட்டு இரத்தம் இல்லை. மூத்தவருடைய காதுப்பக்கம் இரத்தம் வடிந்து கிடந்ததை என் கண்ணால் கண்டவன் நான். துணி அதற்கு மேலாலேதான் போயிருந்தது. அப்படியென்றால் இரத்தம் காய்ந்த பிறகு கட்டியிருக்கிறார்கள். அடித்தவன் அவ்வளவு நேரம் பக்கத்தில் குந்தியிருந்தானா? கட்டியவர் வேறு ஆள். விடியற்காலையில் வந்த ஆள்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்படியானால் அந்த ஆள் எங்கே?"

மத்தியானம் வீட்டில் சோறு போட்டிருந்தார்கள். பொறுக்கமுடியாமல் அப்புவுக்கும் அம்மாவுக்கும் அதைச் சொன்னேன். கட்டினது யாரென்று தெரிந்தால் அந்த மனிதரை விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னேன். அப்பு சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னார்:

"விறைக்கத் தொடங்கியிட்டுது தம்பி. நாடியை மூடப் பெரும்பாடு. ஒரு கண் கடைசி வரைக்கும் மூடமாட்டன் எண்டு நிண்டுது."

அம்மா அகப்பையைச் சட்டியில் வைத்தார்.

"உங்களுக்கு ஆர் அப்பு சொன்னது?" என்றேன்.

"ஆர் சொல்லவேணும்? நான்தானே கட்டினனான்."

அவ்வளவு லேசாகச் சொன்னார். மாட்டை அவிழ்த்துக் கட்டினேன் என்பதுபோல.

"ஒண்டரை மாசமாச் சொல்லேல்லையே!"

"ஆர் கேட்டது? கொலை செய்தவனைக் கண்டனியோ எண்டு கேட்டினம். காணேல்லை எண்டனான். காணேல்லைத்தானே? விடிய வயலுக்குப் போகேக்க கிடந்தார். வாயைப் பிளந்து கொண்டு கிடந்த மனிசனை அப்பிடியே விட்டிட்டுப் போறதே? வேட்டித் தலைப்பைக் கிழிச்சுக் கட்டினன். மடியில திருநீறு இருந்தது, பூசினன். பிறகு வீட்டை வந்து கொம்மாட்டைச் சொன்னனான்."

"நான்தான் வாயைத் திறவாதேங்கோ எண்டனான்" என்றார் அம்மா. "உனக்குக் கடிதம் வாற நேரம். தேப்பன்ர பேர் கொலைக் கேசில கிடந்தா ஆர் மோனை உத்தியோகம் தருவினம்? முதல் கண்டவனைத்தானே முதல் பிடிக்கிறவங்கள்."

"அந்த மனிசன் மறியலில கிடக்கிறார் அம்மா!"

"செய்யாதவனை எத்தினை நாளைக்கு வைச்சிருப்பாங்கள்? இண்டைக்கு விடுவாங்கள், நாளைக்கு விடுவாங்கள் எண்டு நானும் வற்றாப்பளை அம்மனுக்கு நேந்து வைச்சிருக்கிறன்."

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அம்மா விரல் மடித்தார். பக்கத்துக் காணிக்காரருக்குத் தெரியும். அப்பு வரம்பால் ஏறி வந்ததைக் கண்டவர். வண்டில்காரருக்குத் தெரியும். புல்லுச் செதுக்கிற பெண்ணுக்குத் தெரியும். விதானையாரின் வீட்டுக்காரிக்குத் தெரியும்.

"அப்ப விதானையாருக்கு?"

"அந்த மனிசி வாயை வைச்சுக்கொண்டு இருக்குமே?"

வாய்க்கால் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் இரண்டே பேர். மறியலில் கிடந்தவரின் பெண்சாதி, சொன்னால் பொலிசுக்கு ஓடிவிடுவா என்பதற்காக. அடுத்தது நான், என் நன்மைக்காக. இப்படியான நன்மையைச் செய்கிறவர்களை என்ன சொல்லி ஏச? ஏச வாய் எடுத்தேன். "சாப்பிடு, ஆறப்போகுது" என்றார் அம்மா.

கிழித்த வேட்டியின் மிச்சம் எங்கே என்றேன். அம்மா குசினிக்குள் போய், அடுப்பில் சட்டி இறக்குகிற கைபிடித் துணியைக் கொண்டுவந்து தந்தார். கரியில் பச்சைக் கரை இருக்கிற இடமே தெரியவில்லை. பொலிஸ் எங்கள் கொடியைத் தட்டிக்கொண்டு நின்றபோது அதைப் பிடித்துத்தான் அம்மா உலை இறக்கிக் கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த நாள் காலை அப்புவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். வழியில் அப்பு ஒருதரம், "காத்துப் போகுது போல, பின் சில்லுக்கு" என்றார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். நம்பவில்லை. தகப்பனும் மகனும் சேர்ந்து சோடிக்கிற கதை என்று நினைத்தார் போலும். கட்டிக் காட்டச் சொல்லி, ஒரு கொன்ஸ்ரபிளைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாங்கில் படுக்கச் சொன்னார்.

அப்பு கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். "உயிரோட இருக்கிறவனுக்குக் கட்டமாட்டன் ஐயா."

"கட்டுங்கோ அப்பு, சும்மா காட்டத்தானே" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உனக்கென்ன விசரே? அந்தப் பொடியன் பிள்ளைகுட்டிக்காரனோ என்னவோ."

கொன்ஸ்ரபிள் எங்கள் பக்கத்து ஆள். அவன் அதற்குள் காலை இழுத்துக்கொண்டு, "எனக்கு வேண்டாம் சேர்" என்று எழும்பிவிட்டான். இன்ஸ்பெக்டர் மேசையில் அடித்தார். ஒரு மனிதருடைய உயிர்ப் பிரச்சினை இங்கே இந்த விதமாக நடந்துகொண்டிருந்தது. கடைசியில் இரண்டு கதிரைக் காலைச் சேர்த்து வைத்துக் கட்டச் சொன்னேன். அதற்கு அப்பு சம்மதித்தார். மூன்று சுற்று, இடையால் ஒரு சுற்று, உள்ளே செருகிய தலைப்பு. மேசையில் கிடந்த துணியில் முடிச்சின் தழும்பு இன்னும் இருந்தது, அப்படியே பொருந்தியது. கொண்டுபோயிருந்த கைபிடித் துணியைப் பொலிஸ் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கிழிந்த பக்கத்தைப் பக்கத்தில் வைத்தோம். நூலுக்கு நூல் சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நெருங்கிய உறவினர் என்றுதானே சொன்னாய். இவர் செத்தவருக்கு என்ன உறவு?"

அப்புவிடம் கேட்டேன்.

"சொந்தமில்லை ஐயா. ஒரே லொறியில வந்தனாங்கள்."

அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு அவர் சொன்னபடியே சொன்னேன். இன்ஸ்பெக்டரும் அப்படியே எழுதினார். அப்பு கீழே பெருவிரல் அடையாளம் வைத்தார்.

அதற்குப் பிறகும் இரண்டு கிழமைக்கு மேல் இழுத்துத்தான் விட்டார்கள். வழக்குக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அடித்தவன் யார், எதற்காக அடித்தான், ஒன்றும் இல்லை. அப்புவை மட்டும் இன்னும் இடைக்கிடை கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். என் கடிதம் வரவில்லை. அம்மா அதற்கு நான் பொலிசுக்குப் போனதைக் காரணம் சொல்கிறார்.

இளையவர் வந்த அன்று வீட்டுக்கு முந்தி எங்கள் படலையைத் திறந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"அண்ணைக்குக் கட்டினது நீங்களோ?" என்று அப்புவிடம் கேட்டார்.

"ஓம்."

"வாய் மூடினதோ?"

"மூடினது. ஒரு கண் மட்டும் கொஞ்சம்."

"அவருக்கு எப்பவும் அந்தக் கண் அப்பிடித்தான். நித்திரையிலயும் மூடாது." பிறகு கேட்டார்: "கொள்ளி ஆர் வைச்சது?"

இளையவர் வைத்திருக்க வேண்டிய கொள்ளி. அவர் ஜீப்பில் போனதனால் வைக்க முடியாமல் போன கொள்ளி. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்புதான் அண்ணை. வேற ஆரும் இல்லை."

அவர் தலையை ஆட்டினார். "வாங்கோ, கொள்ளி வைச்ச இடத்தைக் காட்டுங்கோ" என்றார் அப்புவிடம். அப்பு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நானும் எழும்பினேன்.

"நீர் நில்லும் தம்பி" என்றார் இளையவர்.

அவர்கள் இருவரும் வரம்பால் போனார்கள். நான் நின்றேன்.