வெள்ளி லேது

தெலுங்கு ஊரான கச்சிபௌலியின் நெரிசலில் மைத்துனனின் கார் நகரவே மாட்டேன் என்கிறது. மணி ஒன்பதே முக்கால். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பது பத்தரைக்குள் முடிந்துவிடும். பிள்ளைகளே, இதைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். இதைத் தொலைநோக்கியில் பார்க்கத்தான் மதுரையிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறாள் என் மகள் கயல்.

பள்ளி மைதானத்தில் ஒரு டீச்சரம்மா, தொலைநோக்கி வழியாகச் சூரியனை வெள்ளைத் தாளில் விழவைத்துக் காட்டுகிறார். மைத்துனன் காரை நிறுத்தப் போக, நாங்கள் மூச்சிரைக்க ஓடுகிறோம்.

"வெள்ளி போயிருச்சாம்மா?" என்று சூரியனைக் காட்டிக் கேட்கிறேன்.

"இங்கா வெள்ளலேது."

எனக்குத் தெரிந்த ஒரே தெலுங்கு 'லேது', அதாவது இல்லை. இங்கே வெள்ளி இல்லையாம்! கயலின் கண்கள் நிரம்பிவிடுகின்றன.

பின்னால் வந்த மைத்துனன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அத்தான், இன்னும் போகலைன்னு சொல்றாங்க! தெலுங்குல 'இங்கா'ன்னா இன்னும், 'வெள்ள'ன்னா போறது!"

தாளில், சூரிய வட்டத்தின் ஓரமாக, மிளகு போல ஒரு கரும்புள்ளி.

கயல் வாசலில் வருகிறவர்களைப் பார்த்துக் கத்துகிறாள்: "ஓடி வாங்க! வெள்ளி இங்கா வெள்ளலேது!"