வெள்ளைக்காரர் வேனில் அம்மா குளிர்காய்ந்தது

எங்கப்பா கை வைத்த வண்டி வழியில் நின்றுபோனது என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒருத்தரும் சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதிலும் தப்பில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. அதை ஒட்டினாற்போல் நாலு தூணின்மேல் ஒரு தகரக் கூரை. அந்தக் கூரைதான் ஒர்க்‌ஷாப். போர்டு கிடையாது. வேண்டியவர்கள் விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த வண்டிக்குப் பொட்டு வைப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளித்து, சாமி படத்துக்கு முன்னால் சந்தனம் குழைத்து, ஸ்டீரிங்குக்கு நடுவில் ஒன்று, முன்கண்ணாடியில் ஒன்று, அதன்மேல் குங்குமம். பொட்டு வைத்துவிட்டால் அப்புறம் அந்த வண்டியைத் தொடமாட்டார். பொட்டு வைக்காமல் சாவியும் கொடுக்கமாட்டார். பாசாருக்குக் காய்கறி ஏற்றும் லோரிக்காரச் சீனர் ஒருவர் அவசரம், அவசரம் என்று குதித்தும்கூட, அப்பா குளித்துவிட்டு வரும்வரை வாசலில் நின்றுதான் ஆகவேண்டியிருந்தது. பிறகு அவரே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், மஞ்சள் பொட்டு இருந்தால் வண்டி சியாப், எடுத்துக்கொண்டு போகலாம் என்று. சியாப் என்றால் மலாயில் தயார்.

எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் தொடக்கம். அப்போதுதான் துரை அந்த வேனைக் கொண்டுவந்து விட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் அவர். பல வருஷமாகத் தன் காரை அப்பாவிடம்தான் காட்டுவார். வேன் அப்போதே கிழடு. ஆனால் உள்ளே படுக்க மெத்தை, சின்ன அடுப்பு, மடக்கு மேசை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டைவிட நன்றாக இருந்தது. அதைக் கப்பலில் மெட்ராஸ் வரை ஏற்றி, அங்கிருந்து தன் ஊர் வரைக்கும் தரைவழியாகவே ஓட்டிப் போகப்போகிறாராம். வழியில் பனிமலை. அதனால் வேனுக்குள் சூடு வர ஒரு ஹீட்டர் வைக்கவேண்டும். ஹீட்டர் அவர் ஊரிலிருந்து பெட்டியில் வந்து இறங்கியது. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் தாய்மாமாதான் அதை எடுத்துவந்தார்.

"என்னா மச்சான் இது?"

"ஹீட்டரு."

"தார் ரோட்டுல செருப்பு ஒட்டுது, இந்த ஊருல ஹீட்டரா? உங்க துரைய என் லோரி எஞ்சின் மேல வந்து உக்காரச் சொல்லுங்க லா. நான் சும்மாவே தரேன்."

அப்பா சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவருக்குச் சிரிப்பு குறைந்துபோயிருந்தது.

உள்ளே அம்மா படுத்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி மருந்து வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதாக அப்பா மாமாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மருந்து வேண்டாம் என்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குளிர் ஒன்றுதான் பாக்கி. ஊரே விசிறிக்கொண்டு கிடக்கிற மத்தியானத்தில் அம்மாவுக்கு மட்டும் குளிரும். "எலும்புக்குள்ள ஐஸ் வெச்சுத் தெச்ச மாதிரி இருக்குடி" என்பாள். வெயில் அடித்தால் பின்வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். ஆனால் அது வருஷக் கடைசி, மழைக்காலம். மூன்று மணிக்கெல்லாம் வானம் இருட்டிக் கொட்ட ஆரம்பித்துவிடும். மூன்று போர்வைக்குள் அம்மாவின் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

ஹீட்டர் மாட்டுவது அப்பாவுக்கும் புது வேலை. இந்த ஊரில் யார் அதைச் செய்திருப்பார்கள்? பெட்டிக்குள் இருந்த தாளில் எழுத்தெல்லாம் எங்களுக்குப் புரியாத பாஷை. படத்தைப் பார்த்துப் பார்த்தே செய்தார். பெட்ரோல் டேங்கிலிருந்து விரல் பருமன்கூட இல்லாத குழாய் ஒன்றை இழுத்தார். தரையில் வட்டமாகத் துளை போட்டு, புகைக்குழாயை வண்டிக்கு அடியில் வெளியே விட்டார். முதல்தடவை பற்றவைத்தபோது புகை உள்ளேயே வந்தது. "இத இப்படியே குடுத்தா மனுசன் தூக்கத்துலயே போயிருவாரு" என்று எல்லாவற்றையும் கழற்றினார். துளையைச் சுற்றித் தகடு வெட்டி அடைத்து, மறுபடியும் மாட்டி, இரண்டு நாள் தானே உள்ளே உட்கார்ந்து வேர்க்க வேர்க்கப் பார்த்தார். ஒரு வாரத்தில் வேலை முடிந்தது.

முடிந்த அன்று நல்ல மழை. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். குளிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தார். அவள் எடை ஒரு தலையணை எடைதான். வேன் மெத்தையில் உட்காரவைத்து, ஹீட்டரைத் திருகி, "ஜன்னல ரெண்டு வெரல் தெறந்து வையி" என்று என்னிடம் சொன்னார்.

விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சூடு வந்தது. அம்மா முதலில் ஒரு போர்வையைத் தோளிலிருந்து இறக்கினாள். பிறகு இன்னொன்றை. பிறகு கையை நீட்டி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "அப்பாடா" என்றாள். அந்தக் குரலில் அவள் பேசி மாசக்கணக்காகியிருந்தது. அப்பா வெளியே திரும்பி நின்றுகொண்டார்.

அதிலிருந்து தினமும் மழை பிடித்ததும் அப்பா அம்மாவை வேனுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, துரை வீட்ல குடி வந்துட்டியா?"

"ஆமாண்ணே. உள்ள வாங்க, தேத்தண்ணி போடறேன்."

"வேணாம் தாயி. நான் உள்ள வந்தா ஆவியில வெந்த இடியாப்பமாத்தான் வெளிய வருவேன்."

அம்மா சிரித்தாள். சூட்டில் விரல்கள் இளகியதும் என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து இரட்டைச் சடை பின்னுவாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து எனக்கு யாரும் ஒழுங்காகச் சடை பின்னியதில்லை. ஆனால் உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்ததுபோல் இருக்கும். முதுகெல்லாம் வேர்வை ஓடும். "போதும்மா, போதும்மா" என்று ஒரு சடையோடு இறங்கி ஓடிவிடுவேன். "இன்னொன்னு இருக்குடி" என்று அவள் பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்கும். நாளைக்குப் பின்னிக்கொள்ளலாம் என்று ஓடுவேன்.

சனிக்கிழமை துரை வந்தார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், "பெலும் சியாப், துவான்" என்றார். இன்னும் தயாராகவில்லையாம். ஏதோ ஒரு சாமான் வரவேண்டுமாம். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கப்பா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதேயில்லை. துரை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமையும் அதே பேச்சு. இத்தனைக்கும் ஒவ்வொரு நாளும் எரிந்து குறைந்த பெட்ரோலை அப்பா தானே வாங்கி ஊற்றிவைத்தார். கப்பல் கிளம்ப இன்னும் நாள் இருந்ததும் அவருக்குத் தெரியும். துரையை ஏமாற்ற அவர் நினைக்கவில்லை. வாய் திறந்து கேட்டிருந்தால், அந்த மனிதர் கடைசி நாள் வரைக்கும் வேனை விட்டுவைத்திருப்பார். என் மனைவிக்குக் குளிருகிறது, உங்கள் வண்டியைக் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே கேட்க வராது. எனக்கும் வராது.

மூன்றாவது வாரம், தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டு ஆன்டி வேடிக்கையாகக் கேட்டார்.

"என்னா பாப்பா, அந்த வேனு வேர் விட்டுருச்சா? உங்கப்பாவுக்குத் தொழில் மறந்துபோச்சாம்லா, கடைத்தெருவுல பேசிக்கறாங்க."

குடத்தைக்கூட நிரப்பாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கப்பாவுக்கா தொழில் மறந்துபோச்சு? ராத்திரி பகலாக அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் அப்பா பொட்டு வைக்க மறந்துவிட்டார், மறந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் சாமான் வரவில்லை என்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒன்பது வயதில் எனக்கு எல்லாமே தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அப்பா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் குளித்தேன். சந்தனம் குழைத்தேன். ஸ்டீரிங்குக்கு நடுவில் ஒன்று. முன்கண்ணாடி எனக்கு எட்டவில்லை, சீட்டின்மேல் ஏறி நின்று உள்பக்கமாக வைத்தேன். குங்குமம் கொஞ்சம் சிந்திவிட்டது. பாவாடையால் துடைத்தேன்.

துரை வந்ததும் அப்பா வெளியே போனார். வாயைத் திறப்பதற்குள் துரை கண்ணாடியைக் காட்டி, குழந்தை மாதிரி கையைத் தட்டினார்.

"சியாப்!" என்றார்.

அப்பா திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்.

"யாரு வெச்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான்தாம்பா. குளிச்சிட்டுத்தான் வெச்சேன்" என்றேன்.

அடிப்பார் என்று பயப்படவில்லை. தட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் தலையில் கையை வைத்தார், எடுத்தார். பொட்டை அழிக்க அவரால் முடியவில்லை. வேனுக்குள் ஏறி, அம்மாவின் தலையணையைச் சாக்குப் பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஹீட்டரை எப்படித் திருகவேண்டும், ஜன்னலை எவ்வளவு திறந்து வைக்கவேண்டும் என்று துரைக்கு இரண்டு தடவை காட்டிக்கொடுத்தார். பிறகு சாவியைக் கொடுத்தார். துரை எனக்கு ஒரு டின் பிஸ்கட் கொடுத்து, கையைப் பிடித்துக் குலுக்கினார். வேன் ரோட்டில் ஏறும்போது எதிர்வீட்டு ஆன்டி பார்க்கிறாரா என்று நான் பார்த்தேன். பார்த்தார்.

அந்தக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அது பிறகு. அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்று மத்தியானமும் மழை வந்தது. அப்பா கரியடுப்பை மூட்டி அம்மாவின் கட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புகை இருமலைக் கிளப்பிவிட்டது. வெளியே தூக்கிப்போய் வைத்துவிட்டு, திரும்பிவந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் ஏதோ சரியில்லை என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் போர்வையைக் காலால் தள்ளிவிட்டாள்.

"எனக்கு இப்பக் குளிரலங்க," என்றாள். "நாலு நாளாவே தேவல. அந்த வேனுக்குள்ள வேர்த்துக் கொட்டுது. நீங்க ஆசையா தூக்கிட்டுப் போறீங்களேன்னுதான் உக்காந்திருந்தேன்."

அப்பா மழைக்குள் இறங்கிப் போனார்.

"நெசமாவாம்மா?" என்றேன்.

"நெசமாத்தாண்டி. பாரு, இப்பக்கூடப் புழுங்குது."

அவள் கையைப் பார்த்தேன். ரோமமெல்லாம் குத்திட்டு, தோல் பொடிப்பொடியாகப் புடைத்திருந்தது. கொசு கடித்திருக்கும் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குளிர் ஒன்றுதானே பாக்கி இருந்தது, அதுவும் போய்விட்டதே! ஓடிப்போய் ஆணியில் தொங்கிய விசிறியை எடுத்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"வீசட்டாம்மா?"

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வீசுடி" என்றாள்.

வீசினேன். கை வலித்தபோது அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன். மழை விடும்வரைக்கும், நிறுத்தாமல், என்னால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக அம்மாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தேன்.